எரியவில்லை என்று சொன்ன முகம்

கெமிக்கல் பீல் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று நீங்கள் இருவரும் கேட்டு நாளாகிறது. எந்த அமிலம், எவ்வளவு வீரியம், எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே நினைவிருக்கும். முகத்தில் அளவாக அமிலம் பூசி, மேல்தோலைப் பக்குவமாக உரியவைத்து, கீழிருந்து புதுத்தோல் வரச்செய்கிற வேலை. படிக்கும்போது சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். கட்டிலில் ஒரு மனுஷி படுத்து நம்மை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் அது வேறாகிவிடுகிறது. அதனால் உங்களுக்கு ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன். நான் உங்களிடம் விட்டுவந்த கிளினிக்கில், நீங்கள் இப்போது உட்கார்கிற அதே மாடியில், செல்போன் கடைக்கு மேலே, அதே கட்டிலில் நடந்ததுதான். ஸ்டெல்லா சிஸ்டர் அன்றைக்கும் அங்கேதான் இருந்தார். நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் அவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் அஞ்சலை. நாற்பதைத் தாண்டியவர். மரக்காணம் உப்பளத்தில் வேலை. முதல்முறை வந்தது சரியான கோடையில். சேலைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு. அளத்திலிருந்து நேராக வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்:

“மூஞ்சில தோல உரிச்சி எடுக்கிறீங்களாமே. எனக்கும் அத செய்யணும்.”

இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கறுப்புத் திட்டு. நெற்றியில், மேலுதட்டில். அதோடு, சாதாரணமாக நாம் பார்க்காத இடமான தாடைக்கு அடியிலும் கறுத்திருந்தது. எல்லோரிடமும் கேட்கிற மாதிரி அவரிடமும் கேட்டேன்.

“வீட்ல ஏதும் விசேஷமா? பொண்ணுக்குக் கல்யாணமா?”

“பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. கிளியனூர்ல குடுத்திருக்குது.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏங்க, விசேஷம்னாதான் மூஞ்சி பார்ப்பீங்களா?”

ஸ்டெல்லா திரும்பி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியில்லை, பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறேன், சொல்லுங்கள் என்றேன்.

அவருடைய மகள் நித்யா பாண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண். வந்திருந்தபோது அம்மாவைப் போனில் படம் எடுத்து, விரலால் எதையோ தட்டி மங்கை எல்லாம் அழித்துக் காட்டியிருக்கிறாள். அஞ்சலை அதைப் பார்த்துவிட்டு, இது யாருடி என்று கேட்டிருக்கிறார். நீதாம்மா என்றாளாம்.

“அந்த மாதிரி வெள்ளையா வேணாங்க. நான் கறுப்புதான், அது எனக்குத் தெரியும். இந்தக் கறைக்கு அடியில என் மூஞ்சி ஒண்ணு இருக்குதுல்ல? அது போதும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பலர் நிறத்தைக் கேட்டு வருவார்கள். அஞ்சலை தன் முகத்தைக் கேட்டு வந்தார். ஆனாலும் அன்றைக்கு நான் “இப்போ முடியாது” என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

சொன்னதும் அவர் முகம் மூடிக்கொண்டது. எழுந்தே விட்டார்.

“அளத்துல வேலை செய்றவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நெனைக்கிறீங்க. சரிங்க.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் ‘முடியாது’ நமக்கு மருத்துவம். எதிரே இருப்பவருக்கு அது வேறு எதுவாகவோ கேட்கலாம். அதிலும் ஏற்கெனவே பல இடங்களில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவருக்கு. அவர் அந்தப் படியில் இறங்கிப் போனால் அடுத்து எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறினால் திண்டிவனம், பாண்டி. பெயரே தெரியாத பாட்டிலை வைத்துக்கொண்டு அன்றைக்கே பூசிவிட ஆள் கிடைக்கும். மறுநாள் காலை அவர் அளத்தில் நிற்பார். வெறுமனே மறுத்து அனுப்பினால், பாதுகாப்பாக இருந்தேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள முடியும். அவர் பாதுகாப்பாக இருக்கமாட்டார்.

“உக்காருங்க அஞ்சலை. செய்யமாட்டேன்னு சொல்லல. இப்போ வேணாம், மழையில செய்யலாம்னு சொல்றேன்.”

“மழைக்கும் இதுக்கும் இன்னாங்க?”

“தோல உரிச்சா கீழேருந்து வர்றது பச்சைக் கொழந்த தோல் மாதிரி. அதைக் கொண்டுபோய் உங்க பாத்தியில நிறுத்தினா என்ன ஆகும்? உங்களுக்கு மேலேருந்து மட்டுமா வெயில் அடிக்குது?”

அவர் யோசித்தார். மெல்லத் தன் தாடைக்கு அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“கீழேருந்து அடிக்கிறதுதாங்க ஜாஸ்தி. தண்ணிலேருந்து, உப்புலேருந்து. மத்தியானம் கண்ண தொறக்க முடியாது.”

“அதான். துண்டு தலைய மறைக்குது, தாடைய மறைக்கல. உங்க அளம் எப்போ மூடுவாங்க?”

“ஐப்பசி மழை எறங்குனா பாத்தியெல்லாம் முழுகிடும். அப்புறம் தை வரைக்கும் வேலை கெடையாது.”

“அந்த நேரம் எனக்குக் குடுங்க.”

அன்றைக்கு அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பூசிக்கொள்ள நிறம் கலந்த சன்ஸ்கிரீன், இரவில் போட ஒரு க்ரீம், துண்டை மூக்குக்கு மேலே வரைக்கும் ஏற்றி முகவாயோடு சேர்த்துக் கட்டுகிற விதம் எல்லாம் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். மறுப்பதாக இருந்தால், இப்போது என்ன செய்யலாம், எப்போது திரும்ப வரலாம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனிதர்கள் காத்திருக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

கோடை முடிவதற்குள் ஒருநாள் பாண்டியிலிருந்து வரும் வழியில் காரை நிறுத்திவிட்டு அளத்து வரப்பில் இறங்கினேன். அவர் என்ன வெளிச்சத்தில் நிற்கிறார் என்று பார்க்க ஆசை. சொன்னது சரிதான். குனிந்தாலும் வெளிச்சம், நிமிர்ந்தாலும் வெளிச்சம். தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கையை ஆட்டினார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

“டாக்டரம்மா! வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க? கறுத்துடப் போறீங்க!”

மற்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முகத்தை நன்றாக மூடிக் கட்டியிருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

மழை இறங்கியதும் வந்தார். குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு, எங்கோ விட்ட பேச்சைத் தொடர்வதுபோல, “அளம் முழுகிடுச்சுங்க” என்றார். கோடையில் பார்த்ததற்கு இப்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். உதட்டில் கொப்புளம் வருமா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நான் கொடுத்ததைத் தவிர வேறு ஏதாவது முகத்தில் போடுகிறீர்களா.

“நீங்க குடுத்ததுதாங்க. வேற ஒண்ணும் இல்ல.”

அன்றைக்கு அது உண்மை. காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்த்து, ஒரு வாரம் காத்திருந்து, பிறகு வீரியம் குறைந்த க்ளைகாலிக் அமிலத்தில் முதல் பீல் செய்தேன். நன்றாகவே போனது. லேசாகத் தோல் உரிந்து, அடியில் சமமான நிறம் தெரிந்தது. அஞ்சலை நித்யாவுக்குப் போன் போட்டுக் காட்டினாராம். எனக்கும் சந்தோஷம். நான் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது பீல் அன்று நல்ல மழை. மத்தியானமே அறை மங்கலாக இருந்தது. கண்ணை மூடவைத்து, பஞ்சு வைத்து, நெற்றியில் ஆரம்பித்துக் கன்னங்களில் பூசினேன். ஸ்டெல்லா விசிறிக்கொண்டிருந்தார். நம் வழக்கப்படி, எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“எரியவே இல்லைங்க.”

“கொஞ்சம்கூடவா?”

“இல்லைங்க. நீங்க பாட்டுக்கு செய்ங்க.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கோயிலில் கண்ணை மூடி நிற்பவர் மாதிரி படுத்திருந்தார். போன முறைகூட இரண்டு, மூன்று என்று சொன்னவர், இந்த முறை ஒன்றுமே இல்லை என்கிறாரே என்று எனக்குள் ஒரு சின்ன உறுத்தல். ஏதோ தோன்றி அவர் கால் பக்கம் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள். விரல்கள் எல்லாம் உள்ளே மடங்கி, கட்டில் விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

விளக்கை முகத்துக்கு அருகே இழுத்தேன். வலது கன்னம் இளஞ்சிவப்பு, இருக்கவேண்டிய மாதிரி. இடது கன்னம் நல்ல சிவப்பு. தாடையை ஒட்டிய ஓர் இடத்தில் சாம்பல் பூத்ததுபோல வெளுக்க ஆரம்பித்திருந்தது.

திட்டமிட்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கடிகாரம் இன்னும் இருக்கிறது என்றது. அவர் எரியவில்லை என்றார். கன்னம் மட்டும் வேறு சொன்னது. அந்த மூன்றில் எதை நம்புவது என்று யோசிக்க அப்போது நேரமில்லை, யோசிக்கவும் கூடாது. “ஸ்டெல்லா, நியூட்ரலைசர்” என்றேன். அமிலத்தை முறிக்கிற கரைசலை இடது கன்னத்தில் முதலில், பிறகு முகம் முழுக்கப் பூசி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். அவசரத்தில் ஸ்டெல்லாவின் கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் விழுந்து தரையெல்லாம் ஈரம். யாரும் அதைத் துடைக்கவில்லை.

“ஏம்மா அதுக்குள்ள எடுத்துட்டீங்க?” அஞ்சலை துணிக்கு அடியிலிருந்து கேட்டார். “நான் தாங்கிப்பேன்ல?”

“நீங்க தாங்குவீங்க அஞ்சலை. உங்க தோல் தாங்காது.”

துணியை இன்னொரு முறை நனைத்துப் போட்டேன்.

“நெஜமா எரியலையா?” என்று கேட்டேன்.

“எரிஞ்சுதுங்க. ஆனா எரிச்சல்னா எங்களுக்கு வேறங்க. கால் வெடிப்போட பாத்தியில எறங்குவோம் பாருங்க, அது எரிச்சல். அதையே ஒரு நாளும் யாருகிட்டயும் சொன்னதில்ல. இத சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயம். மழை முடியறதுக்குள்ள எவ்ளோ முடியுமோ அவ்ளோ போட்டும்னு படுத்திருந்தேன்.”

பாட்டிலில் எழுதியிருக்காத விஷயம் இதுதான். வலி அதிகம் என்று கத்துகிற நோயாளியைப் பற்றி நீங்கள் பயப்படவேண்டாம். அவர் உங்களைத் தானே நிறுத்திவிடுவார். பொறுத்துப் பழகியவரிடம்தான் ஆபத்து. வலியைச் சொல்லாமல் இருப்பதையே ஒரு திறமையாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்தக் கரையில் நிறைய. உப்பளத்துப் பெண்கள், கடலுக்குப் போகிறவர்கள், அடுப்படியில் சூடு பட்டும் பேசாமல் இருக்கிறவர்கள். அவர்களிடம் மார்க் கேளுங்கள், கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். விளக்கைக் கிட்டே இழுங்கள். முகத்தைப் பாருங்கள், கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள்.

கன்னம் கொஞ்சம் தணிந்ததும் எனக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. அதே அமிலம், அதே அளவு, ஒரே மாதிரிதான் பூசினேன். இடது பக்கம் மட்டும் ஏன்? வேறு ஏதாவது போட்டீர்களா என்று மறுபடி கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். க்ரீம் என்றால் மருந்து, மருந்து என்றால் டாக்டர் கொடுத்தது. மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. அதனால் வேறு விதமாகக் கேட்டேன்.

“உங்க வீட்ல கண்ணாடி எங்க மாட்டியிருக்கீங்க?”

“ஜன்னலு பக்கத்துல.”

“அந்த ஜன்னல் திட்டுல என்னென்ன இருக்குது? ஒண்ணொண்ணா சொல்லுங்க பார்ப்போம்.”

சீப்பு, பவுடர் டப்பா, விபூதி, நான் கொடுத்த இரண்டு ட்யூப். அப்புறம் நித்யா வாங்கிக் கொடுத்த ட்யூப்.

“அது எதுக்கு?”

“அது சும்மா பளபளப்புக்குங்க. மொத தடவ உரிஞ்சப்போ வாங்கியாந்து குடுத்துச்சு. ராத்திரியில போட்டா காலையில மூஞ்சி பளிச்சின்னு இருக்கும். இந்தப் பக்கம் மங்கு ஜாஸ்தி, அதனால இந்தப் பக்கம் கொஞ்சம் கூட போட்டேன்.”

இந்தப் பக்கம் என்று அவர் தொட்டுக் காட்டியது இடது கன்னம்.

ஸ்டெல்லா அங்கேயே நித்யாவுக்குப் போன் செய்து, வாங்கிய கடையிலிருந்து அந்த ட்யூபைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்தது. நான் நினைத்ததுதான். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே நீட்டிவிடுகிற கலவை க்ரீம். உள்ளே ஸ்டீராய்டு. போட்ட கொஞ்ச நாளில் முகம் பளபளக்கும். அதே நேரத்தில் தோல் மெலிந்துகொண்டே போகும். மெலிந்த தோலில் அமிலம் இரண்டு மடங்கு வேகமாக இறங்கும். பளபளப்பைப் பார்த்து அஞ்சலை சந்தோஷப்பட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் உள்ளே நுழைந்தபோது, போன பீல் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை கிளினிக் திறந்தவுடன் நித்யா வந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டே படியேறி வந்தாள். பின்னால் அஞ்சலை, இடது தாடையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கருத்த பொருக்கோடு. கன்னம் வீங்கியிருந்தது.

“எங்கம்மா மூஞ்சிய இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? நல்லா இருந்த மூஞ்சிங்க இது. டாக்டர்னு நம்பித்தானே அனுப்புனோம்?”

வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா போனை மறைக்கக் கையை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“எடுத்துக்கோம்மா. ஆனா நடுவுல நிறுத்தாத. நான் பேசுறதையும் சேர்த்து எடு.”

என் நாக்கின் நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: நீ வாங்கிக் கொடுத்த க்ரீம்தான் காரணம். உண்மைதான். அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் நான் ஜெயித்திருப்பேன். வீடியோவும் நின்றிருக்கும். ஆனால் அடுத்த சில வாரங்களுக்கு அஞ்சலையின் முகத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது யார்? நானா? இந்தப் பெண்தான். அவளைக் குற்றவாளியாக்கிவிட்டு அவளிடமே மருந்தைக் கொடுத்து அனுப்ப முடியாது. அதற்காக உண்மையை விழுங்கவும் முடியாது.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அம்மாவின் முகத்தை விளக்கில் காட்டினேன். இது மேலோட்டமான புண், ஆறிவிடும், எப்படி ஆறும் என்று முதலில் சொன்னேன். பயம் தணியாமல் எந்த விளக்கமும் காதில் ஏறாது. பிறகு சொன்னேன்:

“நித்யா, நான் ஒரு பக்கத்துலேருந்து உங்கம்மா மூஞ்சிய சரிபண்ணப் பார்த்தேன். நீ ஒரு பக்கத்துலேருந்து சரிபண்ணப் பார்த்த. ஒருத்தர் செய்றது இன்னொருத்தருக்குத் தெரியாமப் போச்சு. நீ வாங்கிக் குடுத்த ட்யூப்ல தோல மெலிய வைக்கிற மருந்து இருக்குது. அதுக்கு மேல என் அமிலம் விழுந்திருக்கு.”

போன் மெல்லக் கீழே இறங்கியது. அவள் முகம் வெளுத்துப் போய்விட்டது.

“நானா இத பண்ணேன்?”

நான் பதில் சொல்வதற்குள் அஞ்சலை பொருக்கு இழுக்காதபடி வாயைக் கோணிக்கொண்டு பேசினார்: “அட போடி. வாங்கிக் குடுத்தவ நீ. ஒரு வெரல் போடறதுக்குப் பதிலா நாலு வெரல் பூசுனவ நான். நீ எதுக்கு அழுவுற?”

அழுதாள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டோம். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்போ இன்னா செய்யணும்னு சொல்லுங்க” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ட்யூப் விஷயத்தை அப்படிச் சுற்றிச் சொன்னேன்.

செய்யவேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. புண்ணைக் காயவிடாமல் களிம்பு. பொருக்கைப் பிய்க்கக்கூடாது, தானாக விழவேண்டும். அந்தக் கலவை க்ரீமை விடவேண்டும். விடும்போது முகம் சிவக்கும், பருக்கள் கிளம்பும், பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துப் பூசக்கூடாது, அதற்கு வேறு மருந்து தருகிறேன், என்ன வந்தாலும் முதலில் எனக்குப் போன் செய்யவேண்டும். வெயில் கூடவே கூடாது. நித்யா எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். கடையில் சொல்லிவிட்டு அம்மாவோடு மரக்காணத்திலேயே தங்கிவிட்டாள்.

எனக்கு உண்மையான கவலை தை மாசத்தைப் பற்றி இருந்தது. மழை ஓய்ந்ததும் அளத்தில் சேறு மிதித்துப் பாத்தி கட்டுகிற வேலை தொடங்கிவிடும். முதல் நாளே வராதவருக்கு அந்த வருஷம் குழுவில் இடமிருக்காது என்று அஞ்சலை சொன்னார். அந்த இளம் சிவப்புத் தோலோடு அவர் வெயிலில் நின்றால், மங்கு இருந்த இடத்தில் அதைவிடக் கருத்த தழும்பு தங்கிவிடும். போகாமல் இருங்கள் என்று மாடியில் உட்கார்ந்து சொல்வது எனக்குச் சுலபம். நான் மேஸ்திரியிடம் வந்து பேசட்டுமா என்று கேட்டேன்.

“நீங்க எதுக்குங்க?” என்றாள் நித்யா. “அந்த மேஸ்திரி எங்களுக்கு மாமா மொறதான். நான் பாத்துக்கிறேன்.”

என்ன பேசினாளோ தெரியாது. கிடங்கில் உப்பு மூட்டை பிடித்துத் தைக்கிற வேலையில், கூரைக்கு அடியில், அம்மாவுக்கு இடம் வாங்கிவிட்டாள். மாசி பாதி வரைக்கும் அஞ்சலை அங்கேதான் இருந்தார். குழுவில் அவருடைய இடம் அப்படியே இருந்தது.

பொருக்கு தானாக விழுந்தது. அடியில் ரோஸ் நிறம். பிறகு அது பழுப்பானது. அந்தக் கட்டம் கொஞ்சம் மோசமானது; அஞ்சலை ஒருநாள் வந்து, “பழசே தேவலாம் போலிருக்குதே” என்று தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். இது போகும், ஆனால் மெதுவாகப் போகும் என்றேன். நான் சொன்னதை அவர் நம்பினாரா தெரியவில்லை. ஆனால் வந்துகொண்டிருந்தார். சன்ஸ்கிரீன், துண்டு, இரவு க்ரீம், அவ்வளவுதான். கோடை வந்தபோது அந்தக் காசு அகலக் கறை நகத்தளவாகி, பிறகு தேடினால்தான் தெரிகிற அளவுக்கு ஆனது.

அடுத்த மழைக்கு அவரே வந்தார். ஜன்னல் திட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, விபூதி உட்பட, என் மேஜையில் கொட்டினார். எனக்கு மறுபடி பீல் செய்யத் தயக்கம் இருந்தது. ஒரு தடவை சுட்ட முகம். செய்யாமலே விட்டுவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் நம் நிம்மதிக்காக மருந்தை நிறுத்துவதும் ஒருவகை அலட்சியம்தான். தோல் திடமாகத் தேறியிருந்தது. அவருக்கும் வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட மென்மையான அமிலத்தை எடுத்தேன். பாதியில் அவர் சொன்னார்:

“நாலுங்க. இப்போ அஞ்சு.”

அப்போதே எடுத்துவிட்டேன். முகத்தில் ஒரு குறையும் இல்லாதபோதும் எடுத்துவிட்டேன். எரிச்சல் ஏறுகிறது என்று அவர் தானாகவே முதல்முறை சொல்லியிருக்கிறார். சொன்னால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

அந்த மழைக்காலத்தில் இன்னும் ஓரிரு முறை. மங்கு முழுக்கப் போகவில்லை. போகாது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் சொல்லியிருந்தேன். ஆனால் கன்னமும் நெற்றியும் ஒரே நிறமாகச் சேர்ந்து வந்தன. எங்கே பார்த்தாலும் முதலில் கறை தெரிந்த முகத்தில் இப்போது கண்கள் முதலில் தெரிந்தன.

அதற்கடுத்த ஐப்பசி, நான் அந்த மாடியை உங்களிடம் ஒப்படைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் வந்தார். விளக்கில் பார்த்தேன். மேலுதட்டுப் பக்கம் மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது.

“இந்த மழைக்கு ஒரு தடவ செய்யலாம் அஞ்சலை. போதும்.”

அவர் கையை ஆட்டினார். “இந்த வருசம் வேணாங்க. நித்யாவுக்கு இது நெற மாசம். எப்போ வலி எடுக்கும்னு தெரியல. பேறு பார்க்கிற வூட்ல மூஞ்சிய உரிச்சிக்கிட்டு உக்கார எனக்கு எங்க நேரம்? சன்ஸ்கிரீன் மட்டும் எழுதிக் குடுங்க, ஓடணும்.”

எழுதிக் கொடுத்தேன். சுவரில் கண்ணாடி இருந்தது. அதைக் கடந்துதான் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

இதை அரைகுறையாக நின்றுபோன சிகிச்சை என்று எண்ணிவிடாதீர்கள். நம்மிடம் வருகிறவர்கள் பல வருஷமாகத் தங்கள் முகத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அதைக் கொஞ்சநேரம் மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிற அளவுக்கு அந்தச் சுமை குறைந்தால், அதுதான் குணமாவது என்று நான் நினைக்கிறேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற குரலில் மகளை அதட்டிக்கொண்டு போனார்: “ஸ்கூட்டரெல்லாம் தொடக்கூடாது, கேட்டியா? நான் வர்றேன். இதோ வந்துட்டேன்.”